‘ஆச்சி வீடு’ குரூப்: சர்வர் கீயை வாங்க மறுக்கிறது

தேன்மொழி: பிரபு அண்ணா, புது லேப்டாப்பிலிருந்து கடை சைட் ஓடுகிற சர்வருக்குள் போகவே முடியவில்லை. யூசர் நேம் கொடுத்ததும் "சர்வர் ரெஃபியூஸ்டு அவர் கீ" என்று வந்து நின்றுவிடுகிறது. நேற்று அனுப்பிய கீயைப் போட்டுவிட்டீர்கள்தானே?

பிரபு: போட்டாச்சு தேனு. நேற்று ராத்திரியே.

பெரியம்மா: ஆடித் தள்ளுபடி படமெல்லாம் ஏறிவிட்டதா? சுங்குடிச் சேலை ஒவ்வொன்றையும் விரித்துப் படம் எடுத்துக் கொடுத்தாயிற்று. போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தேன்மொழி: இன்னும் இல்லை பெரியம்மா. அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிரபு: உன் கீ ஃபைலை இங்கேயே போடு, என் மெஷினில் வைத்துப் பார்க்கிறேன்.

நெல்லை மாமா: தேனு, போடாதே! பிபிகே ஃபைல் என்பது பிரைவேட் கீ. அது உன் லேப்டாப்பை விட்டு வெளியே வரவே கூடாது. ஒரு தடவை குரூப்பில் விழுந்தால் இத்தனை பேர் போனிலும் இறங்கிவிடும், அப்புறம் அந்தக் கீயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அது சாவி மாதிரி. சர்வரில் போடுகிற பப்ளிக் கீ அதற்குப் பொருந்துகிற பூட்டு மாதிரி, அதை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

தேன்மொழி: நல்லவேளை, அட்டாச் பண்ணப் போனேன் 😬

பிரபு: அப்படியானால் அரை மணி நேரம் பாஸ்வேர்டு லாகினைத் திறந்துவிடட்டுமா மாமா?

நெல்லை மாமா: அவசரப்படாதே. தேனு, பட்டி (PuTTY) புரோகிராம் வழியாகத்தானே சர்வருக்குள் போகிறாய்? யூசர் நேம் சரிதானே?

தேன்மொழி: ஆமாம் மாமா. பழைய லேப்டாப்பில் போட்ட அதே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை வரை அதில் நன்றாக வேலை செய்தது. இப்போது அது சர்வீஸ் கடையில் கிடக்கிறது.

நெல்லை மாமா: சரி. "ரெஃபியூஸ்டு" என்று வருவது ஒரு வகையில் நல்லதுதான். நெட் சரி, எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் போகிற முறை) வருகிற வாசல், போர்ட் 22, திறந்திருக்கிறது, ஃபயர்வால் மறிக்கவில்லை. சர்வர் உன் கீயைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறது. ஏன் வேண்டாம் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லாது. சொன்னால் உள்ளே நுழையப் பார்க்கிற திருடனுக்கும் அதே துப்பு கிடைத்துவிடும். காரணத்தைத் தன் லாகில், அதாவது பதிவேட்டில், எழுதி வைத்திருக்கும். பிரபு, நீ உள்ளே இருக்கிறாயா?

பிரபு: என் அக்கவுண்டில் ஒரு விண்டோ காலையிலிருந்து திறந்தே இருக்கிறது மாமா.

நெல்லை மாமா: தேனு உள்ளே போகும் வரை அதை மூடிவிடாதே. ஏதாவது மாற்றப்போய் எல்லோரும் வெளியே மாட்டிக்கொண்டால் பிரவுசர் கன்சோலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உபுண்டுதானே? ஆத் டாட் லாக் ஃபைலைத் திறந்து கடைசி வரிகள் ஓடும்படி வை. தேனு, இப்போது ஒரு தடவை லாகின் செய்.

தேன்மொழி: செய்தேன். அதே மறுப்பு.

பிரபு: மாமா, இதென்ன லாகில் ஒரே திருவிழாக் கூட்டம்! "இன்வாலிட் யூசர் அட்மின்", "இன்வாலிட் யூசர் டெஸ்ட்", "ஒராக்கிள்"... நம் வீட்டில் யார் ஒராக்கிள்?

நெல்லை மாமா: எல்லாம் பாட், தானாக ஓடுகிற புரோகிராம். போர்ட் 22 திறந்திருக்கும் மெஷின் எதுவானாலும் ராத்திரி பகலாக வந்து பெயரும் பாஸ்வேர்டும் போட்டுப் பார்க்கும். பாஸ்வேர்டு லாகினைத் திறக்காதே என்றது இதற்குத்தான். தேனு பெயர் வருகிற வரியைத் தேடு.

பிரபு: கிடைத்துவிட்டது. "ஆதென்டிகேஷன் ரெஃபியூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி". அடுத்து தேனுவின் ஹோம் ஃபோல்டர் பெயர்.

நெல்லை மாமா: ஹோம் ஃபோல்டரின் பெர்மிஷன் என்ன?

பிரபு: 777. படம் அப்லோடு ஆகவில்லை என்று நெட்டில் பார்த்து நேற்று போட்டது.

நெல்லை மாமா: அதுதான். 777 என்றால் அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படியென்றால் கீ இருக்கிற டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, தன்னுடைய கீயோடு புதிதாக ஒன்றை யாரும் அங்கே வைத்துவிடலாம் இல்லையா? அதனால் உள்ளே ஃபைல் ஒழுங்காக இருந்தாலும் எஸ்எஸ்ஹெச் நம்பாது. ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் என்று ஒரு செட்டிங், வழக்கமாக ஆனில்தான் இருக்கும். அதை ஆஃப் செய்துவிடு என்று சிலர் சொல்வார்கள், கேட்காதே. ஹோம் 755 (எழுதுவது ஓனர் மட்டும்), டாட் எஸ்எஸ்ஹெச் 700, அனுமதித்த பப்ளிக் கீகள் இருக்கிற ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600 (இரண்டும் ஓனருக்கு மட்டும்). மூன்றுக்கும் ஓனர் தேனுவாக இருக்கட்டும். வெப் சர்வர் எழுத வேண்டியது படம் போடுகிற ஃபோல்டரில் மட்டும், அதற்குத் தனியாக உரிமை கொடு.

பெரியம்மா: தம்பி, மத்தியானம் சாப்பிட்டாயா இல்லையா?

நெல்லை மாமா: ஆயிற்று அக்கா, சொதி.

பிரபு: மாற்றிவிட்டேன். தேனு?

தேன்மொழி: இன்னும் ரெஃபியூஸ்டு 😭

பிரபு: லாகில் இப்போது அந்தத் திட்டு இல்லை. "டிஸ்கனெக்டட் ஃப்ரம் ஆதென்டிகேட்டிங் யூசர்" என்று மட்டும்தான்.

நெல்லை மாமா: அப்படியானால் பெர்மிஷன் முடிந்தது. ஃபைலைத் திறந்து படித்திருக்கிறது, இவள் கீக்குப் பொருந்துகிற வரி அதில் இல்லை.

பிரபு: ஆர்எஸ்ஏ வகைக் கீயின் தகராறாக இருக்குமோ? சர்வரில் ஓடுகிற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் புரோகிராமின் 8.8 வெர்ஷன் வந்தபோது எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் வெளியே நின்றார்கள்.

நெல்லை மாமா: 2021இல் வந்தது. அதில் நிறுத்தியது ஆர்எஸ்ஏ கீ போடுகிற பழைய எஸ்ஹெச்ஏ-1 வகைக் கையெழுத்தை. ஆர்எஸ்ஏ கீயே செல்லாது என்று நினைத்துப் பலர் நல்ல கீயை எல்லாம் அழித்தார்கள், பழைய கிளையன்டைப் புதுப்பித்திருந்தாலே போதும். தேனு என்ன கீ செய்தாய்?

தேன்மொழி: இடி25519 வகை மாமா. புது பட்டி, அதோடு வருகிற கீ செய்யும் பட்டிஜென்னில் செய்தது.

நெல்லை மாமா: அப்படியானால் அது இல்லை. பிரபு, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை ஒரு படம் எடுத்துப் போடு. பப்ளிக் கீதான், பயமில்லை.

பிரபு: 📷 படம்

நெல்லை மாமா: மேலே பழைய கீ ஒரே நீள வரியாக இருக்கிறது. கீழே நீ ஒட்டியது "பிகின் எஸ்எஸ்ஹெச்2 பப்ளிக் கீ" என்று ஆரம்பித்து, கமென்ட் என்று ஒரு வரி, அப்புறம் துண்டு துண்டாகப் போகிறது பார். பட்டிஜென்னில் "சேவ் பப்ளிக் கீ" அழுத்தினால் இப்படித்தான் சேமிக்கும். இந்த ஃபைலுக்கு அது புரியாது. தேனு, பட்டிஜென்னில் உன் பிபிகேவை லோடு செய். மேலே ஒரு பெட்டியில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ஒட்டுவதற்கு என்றே ஒரு எழுத்துக் கோவை இருக்கும். பெட்டி சிறியது, கீழே உருட்டி முழுவதையும் எடு.

தேன்மொழி: எடுத்துவிட்டேன். அண்ணாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பிரபு: பழைய துண்டை அழித்துவிட்டு ஒட்டியாயிற்று.

தேன்மொழி: மறுபடியும் அதேதான் மாமா 🙄

நெல்லை மாமா: ஊகம் வேண்டாம். சர்வரில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளைக்கு மைனஸ் எல்எஃப் போட்டு அந்த ஃபைலைக் கொடு. அதில் உள்ள ஒவ்வொரு கீக்கும் ஒரு ஃபிங்கர்பிரின்ட், அதன் சுருக்க அடையாளம், காட்டும். பட்டிஜென்னில் தேனுவுக்குத் தெரிகிற ஃபிங்கர்பிரின்டோடு ஒத்துப்பார்.

பிரபு: ஒன்றுதான் வருகிறது. பழைய லேப்டாப் கீ.

நெல்லை மாமா: புது வரியை அது கீயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வரியின் முதல் எழுத்தைப் பார். வி எடிட்டரில்தானே ஒட்டினாய்?

பிரபு: ஆமாம்... "எஸ்ஹெச்" என்று ஆரம்பிக்கிறது. முன்னால் இன்னொரு எஸ் இருக்க வேண்டும்!

நெல்லை மாமா: எழுதுவதற்கான இன்சர்ட் மோடுக்குப் போகாமல் ஒட்டியிருக்கிறாய். முதல் எஸ்ஸைத் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு மீதியை எழுதியிருக்கிறது. வியில் இது அடிக்கடி நடப்பதுதான். நானோ எடிட்டரில் ஒட்டியிருந்தால் தப்பித்திருப்பாய்.

பிரபு: சேர்த்துவிட்டேன். இப்போது ஃபிங்கர்பிரின்ட் இரண்டு.

தேன்மொழி: கீயைத் திறக்கும் பாஸ்ஃப்ரேஸ் கேட்கிறது!! உள்ளே போய்விட்டேன் மாமா 🎉 படங்களை ஏற்றுகிறேன்.

பெரியம்மா: நன்றாக இருங்கள். அந்த மாம்பழ மஞ்சளை முதலில் போடு.

நெல்லை மாமா: ஏற்றி முடித்ததும் ஒரு வேலை. பழைய லேப்டாப் சர்வீஸ் கடையில் யார் கையிலோ இருக்கிறது. அந்தக் கீக்கு பாஸ்ஃப்ரேஸ் வைத்திருந்தாயா?

தேன்மொழி: இல்லை மாமா.

நெல்லை மாமா: அப்படியானால் அந்த வரியை இன்றே எடுத்துவிடு. பிரபு, உன் ஃபைலையும் அப்படியே ஒரு தடவை பார்.

பிரபு: என்னுடையதில் மூன்று வரி இருக்கிறது. ஒன்றின் கடைசியில் "டிசைனர்" என்று போட்டிருக்கிறது. யார் இது?

தேன்மொழி: முதன்முதலில் சைட் செய்து கொடுத்தவராக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று அண்ணா.

நெல்லை மாமா: எடு.

பிரபு: எடுத்தாச்சு.