ஜப்பானியத் திரித்துப்பாக்கி: குழலில் வெள்ளி உரிகிறது, கழற்றுவது எப்படி?

கேள்வி:
சாக்காய் நகரப் பாணித் தானேகாஷிமா (ஜப்பானியத் திரித்துப்பாக்கி). எண்பட்டைக் குழலின் மேல் வெள்ளியில் டிராகன். வால் பக்கம் வெள்ளி உரிந்து, அடியில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன. துருவை எடுக்கலாமா? குழலின் அடியில் உள்ள பெயர்வெட்டைப் பார்க்க எப்படிக் கழற்றுவது?

பதில் 1:
முதலில் உள்ளே வெடிமருந்து கெட்டித்திருக்கிறதா பாருங்கள். மரக்குச்சியை முட்டும்வரை விட்டு, குழல்வாயில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வையுங்கள். நுனி பற்றவைக்கும் துளை வரை வரவேண்டும். இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்குமேல் தொடாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காலி என்றால் பயமில்லை. குழலைக் கட்டையோடு பிணைப்பது மூங்கில் ஆணிகள்தான். சிறுத்த முனையிலிருந்து பித்தளைக் குச்சியால் மெல்லத் தட்டுங்கள். எந்த ஆணி எந்தத் துளைக்கு என்று குறித்துவையுங்கள். பிறகு மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்து, கட்டையை உள்ளங்கையால் தட்டினால் குழல் நேராக இறங்கும். முறுக்கினால் மருந்துக் கிண்ணி அமர்ந்த இடத்தில் மரம் சிலும்பிவிடும்.

பதில் 2:
அந்தக் கீறல்கள் சேதமல்ல. அது நுனோமே ஸோகன் வேலை. உளியால் இரும்பை இரண்டு மூன்று திசைகளில் துணி நெசவு போலக் கீறி, மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். கீறலில் எழும் பிசிறுதான் வெள்ளியைக் கவ்விப் பிடிக்கிறது. அடியில் துரு ஏறினால் பிடி விட்டுப்போகும். உப்புத்தாள், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். லேசான எண்ணெய் தடவி, சில நாள் ஊறவிட்டு, செந்துருவை மட்டும் மூங்கில் ஈர்க்கால் நெம்புங்கள். கருமை அப்படியே இருக்கட்டும். அது குழலின் தோல்.

குழலின் பின்முனையை அடைக்கும் திருகைச் சூடாக்கிக் கழற்ற முயலாதீர்கள், வெள்ளி போய்விடும். 1543இல் தானேகாஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியத் துப்பாக்கியைப் பார்த்துச் செய்த அத்தீவுக் கொல்லர்களையே திணறடித்த பாகம் அது.

பதில் 3:
நுனோமே என்பதால் மட்டும் குழலும் டிராகனும் ஒரே காலம் என்று முடிவுகட்ட வேண்டாம். வெறுங்குழலில் பின்னாளில் அலங்காரம் சேர்த்ததும் உண்டு. உரிந்த இடத்தை லென்ஸில் பாருங்கள்: கீறல் பழைய துருக்குழிக்குள்ளும் இறங்கி ஓடினால், குழல் துருப்பிடித்த பிறகு ஏற்றிய வெள்ளி. குழியே கீறலை அறுத்திருந்தால் வெள்ளிதான் முந்தியது.

இன்னொன்று, பக்கத்தில் தெரியும் பித்தளை ஸ்பிரிங்கை ஏற்றியபடி வைக்காதீர்கள், தளர்ந்துவிடும். திரிக்கவ்வியைக் கட்டைவிரலால் பிடித்து இறக்குங்கள்.