அடியில் மிங் பேரரசரின் பெயர், விளக்கத்தில் சிங் காலம்: நீல வெள்ளைப் பீங்கானின் காலத்தை எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

கேள்வி

வணக்கம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள சீன நீல வெள்ளைப் பீங்கான்களைப் பற்றிப் படித்து வருகிறேன். பல தட்டுகளின் அடியில் மிங் பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) ஆட்சிப் பெயர் ஆறு சீன எழுத்துகளில் நீலத்தால் எழுதப்பட்டிருக்கிறது. விளக்கக் குறிப்போ அதே தட்டு ஏறத்தாழ 1700-ஐச் சேர்ந்தது, சிங் பேரரசர் காங்சியின் காலத்தது என்கிறது. வேறு சிலவற்றில் இரட்டை வட்டம் மட்டும் வரைந்து, உள்ளே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இவை போலிகளா? எழுதியிருப்பதையே நம்பக் கூடாதென்றால், காலத்தை எதைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள்?

மறுமொழி 1

போலி என்று சொல்வது பொருந்தாது. 1677-இல், சீனாவில் பீங்கான் சூளைகள் நிறைந்த ஜிங்தெஜென் பகுதியின் அதிகாரி, ஆட்சியிலிருக்கும் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாதென்று தடை விதித்தார். கலம் உடைந்தால் அரசரின் பெயர் குப்பையில் மிதிபடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே சூளைக்காரர்களில் சிலர் வட்டத்தை வெறுமையாக விட்டனர், சிலர் இலை ஒன்றை வரைந்தனர், சிலர் பெருமதிப்புப் பெற்றிருந்த செங்ஹுவா காலத்தின் பெயரை எழுதினர். ஐரோப்பாவில் வாங்கியவர்களில் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக இல்லை என்பதால், ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகக் கொள்வதற்கும் இடமில்லை.

காலக்கணிப்புக்குப் பெரிதும் துணைநிற்பவை, வாங்கிக் குவித்தவர்கள் எழுதிவைத்த பட்டியல்களே. ஜெர்மனியின் டிரெஸ்டனில் சாக்சனி நாட்டின் ஆட்சியாளர் அகஸ்டஸ் சேர்த்த பீங்கான்களுக்கு 1721-இல் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கலத்தின் அடியிலும் ஓர் எண்ணைச் செதுக்கிக் கறுப்பு நிறமூட்டி, அதன் கீழே வகைக்குறியையும் இட்டார்கள். நீல வெள்ளைக்கு உரிய குறி, அலைபோல் நெளியும் ஒரு கோடு. அந்த எண்ணோடு பட்டியலில் ஏறிவிட்ட கலம், பதிவான நாளுக்குப் பின் செய்யப்பட்டிருக்க முடியாது. சீனத்தில் எழுதிய ஆறு எழுத்துகளைவிட, சாக்சனியில் யாரோ ஒரு எழுத்தர் செதுக்கவைத்த இந்த எண்ணையே நான் அதிகம் நம்புவேன்.

அகஸ்டஸின் மோகம் எந்த அளவுக்குப் போனதென்றால், 1717-இல் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் வில்லியமுக்கு 'டிராகூன்' எனப்பட்ட குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்துவிட்டு 151 பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். அவற்றுள் இருந்த, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமான மூடியுள்ள நீல வெள்ளை ஜாடிகளுக்கு அந்தக் குதிரைப்படையின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஜாடிகள் 1717-க்கு முற்பட்டவை என்பதில் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பட்டியல்களை மட்டும் நம்பினால் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் கைநழுவிவிடும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'விட்டே லேவ்' என்ற கப்பல் 1613-இல் செயின்ட் ஹெலினாத் தீவருகே போர்த்துக்கீசியரோடு நடந்த சண்டையில் மூழ்கியது. அதன் சரக்குப் பட்டியலில் மிளகும் பிற வாசனைப் பொருள்களும் உண்டு, பீங்கானைப் பற்றிய பேச்சே கிடையாது. 1976-இல் கடலடியைத் தோண்டியபோதோ மிளகோடு மிளகாகப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இன்று அவை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. விளிம்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பூவோ பழமோ தீட்டிய 'கிராக்' வகைத் தட்டுகளின் காலத்தை வரையறுக்க அந்தத் துண்டுகள் பெரிதும் உதவுகின்றன. இவ்வகைத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், அடி வளையத்தில் சூளை மணல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஏற்றுமதிக்காக அவசரமாகச் செய்த சரக்கின் அடையாளம் அது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 'டேவிட் ஜாடிகள்' எனப்படும் நீல வெள்ளை இணை ஜாடிகளின் காலமான 1351-ஐ மட்டும் அவற்றின் மீதுள்ள எழுத்தைக் கொண்டே ஏற்பது எப்படி?

மறுமொழி 3

அந்த எழுத்தின் தன்மை வேறு. செங்ஹுவாப் பொறிப்பு ஒரு காலத்தின் பெயரை மட்டும் சொல்கிறது. டேவிட் ஜாடிகளின் கழுத்தில் இருப்பதோ கோயில் காணிக்கைக் குறிப்பு: ஜாங் வென்ஜின் என்ற பக்தர், தம் குடும்பத்தின் நலம் வேண்டி, ஒரு தூபக்கலத்தையும் இணை ஜாடிகளையும் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாளில் அளித்தார் என்று அது விவரிக்கிறது. தூபக்கலம் இதுவரை கிடைக்கவில்லை. 1929-இல் இந்த ஜாடிகளைப் பற்றிய செய்தி வெளிவந்தபோது, 14-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வளவு தேர்ந்த நீல வெள்ளை இருந்திருக்கும் என்று அறிஞர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1950-களில் ஜான் போப் என்ற ஆய்வாளர், இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் தொகுப்பிலும் இருந்த கலங்களை இவற்றோடு ஒப்பிட்டு, ஒரே பாணியில் அமைந்த ஒரு பெரிய குழுவையே அந்த நூற்றாண்டுக்கு உரியதாக்கினார். ஆகவே 1351 என்ற ஆண்டு எழுத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதற்குத் துணையாக வேறு கலங்களும் இருக்கின்றன.