கிளிநொச்சி–முல்லைத்தீவு தினசரி ஓட்டம்: 121 கொரோலாவா, சுவிஃப்ட் ஸ்போர்ட்டா, சிவிக்கா?

விசுவமடு15 (கேள்வி)

வணக்கம். கிழமையில 5 நாள் கிளிநொச்சியில இருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 றோட்டால போய்வர ஒரு கார் வேணும். போக வர 115 கிலோமீற்றர் அளவில வரும். அதில வீட்டு ஒழுங்கை 3 கிலோமீற்றர் கிரவல், மாரியில சேறும் பள்ளமும். மாசத்தில ஒருக்கா ஏ9 ஆல கொழும்பு.

பார்த்து வைச்சிருக்கிறது மூண்டு: 2004 டொயோட்டா கொரோலா 121 (மனுவல்), 2007 சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட் 1.6 (மனுவல்), 2008 ஹொண்டா சிவிக் எஃப்டி1 (ஓட்டோ). இன்னும் கொஞ்சம் போட்டா 2014 ஹொண்டா ஃபிற் ஜீபி5 ஹைபிரிட்டும் வரும் (121, எஃப்டி1, ஜீபி5 எல்லாம் மொடல் குறியீடு).

ஓடேக்க ஒரு சந்தோசம் இருக்கோணும், ஸ்ரியரிங்கைத் திருப்பின உடன கார் திரும்போணும். ஆனா தருமபுரத்துக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில விடிய 7 மணிக்கு நிண்டு போற காரும் வேண்டாம். எதை எடுக்கலாம்?

முறிகண்டி_வளைவு

முதல்ல கணக்கைப் பாருங்கோ. கிழமைக்கு 575 கிலோமீற்றர், வருசத்துக்கு 27,000க்கு மேல. 5,000க்கு ஒருக்கா ஒயில் மாத்தினா ரெண்டு மாசத்துக்கு ஒரு சேர்விஸ். இவ்வளவு ஓட்டத்துக்கு, சாமான் கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ அண்டைக்கே கிடைக்குமா எண்டதுதான் முதல் கேள்வி. 121க்கு பம்பர் கிளிப்பில இருந்து கிளச் பிளேற் வரைக்கும் கிடைக்கும். எந்தக் கராஜிலயும் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவாங்கள். சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு எஞ்சின் சாமான் சிலதையும் பம்பர், கதவு மாதிரி வெளிப் பொடிச் சாமானையும் கொழும்பில சொல்லி, பஸ்ஸில போட்டு எடுக்கோணும். அந்த ரெண்டு மூண்டு நாளுக்கு வேலைக்கு எப்படிப் போறது எண்டதையும் இப்பவே யோசியுங்கோ.

மற்றது, வளைவு எங்க இருக்கு? ஏ9உம் ஏ35உம் பெரும்பாலும் நேர் றோட்டு, ஊருக்கு வெளியில கார் வேக எல்லை மணிக்கு 70. இருட்டினா மாடு றோட்டில படுத்திருக்கும். இங்க குதிரை வலு பெரிய சந்தோசம் தராது. இறுக்கமான ஸ்ரியரிங், ஆடாத பொடி, சுத்தமா விழுற கியர், இது மூண்டும்தான் தரும். மூண்டையும் 121இல காசு போட்டு எடுக்கலாம்.

சந்தி_கராஜ்

மேல சொன்னது சரி. மற்ற ரெண்டையும் பற்றிக் குறிப்பா சொல்லுறன்.

சிவிக் எஃப்டி1 ஓடுறதுக்கு அருமையான கார், பின்பக்கமும் தனித்தனி சஸ்பென்சன். ஆனா அந்தக் காலத்து 1.8 எஞ்சினில புளொக் (சிலிண்டர் இருக்கிற உடம்பு) கீறல் விட்டு கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கிற திரவம்) கசிஞ்ச பிரச்சினை இருந்தது. அமெரிக்காவில 2006–2008 மொடலுகளுக்கு ஹொண்டா புளொக் வாரண்டியை 10 வருசமா நீட்டினது. நீங்கள் பாக்கிற கார் 2008. எஞ்சின் நல்லா ஆறின பிறகு கூலன்ற் மட்டத்தைக் குறிச்சு, ரெண்டு நாள் ஓடி, திரும்பவும் ஆறவிட்டுப் பாருங்கோ. குறைஞ்சிருந்தா எடுக்காதேங்கோ.

ஜீபி5இல இருக்கிறது, கியரைத் தானா மாத்துற 7 கியர் ரெட்டைக் கிளச் பெட்டி. 2013, 2014இல ஜப்பானில பல தடவை திருப்பிக் கூப்பிட்டு மென்பொருள் மாத்தின வாகனம் அது. கிரவலில, சேத்தில அங்குலம் அங்குலமா ஊர்ந்து போனா கிளச் சூடேறும். பெற்றோல் மிச்சம் பிடிக்கும் எண்டது உண்மைதான், ஆனா உங்கட ஒழுங்கைக்கு அது சரிவராது.

நந்திக்கடல்

சுவிஃப்ட் ஸ்போர்ட்டை இவ்வளவு லேசா தள்ளக்கூடாது. அந்த 1.6 எஞ்சினுக்கு ரைமிங் பெல்ற் இல்லை, செயின்தான், நேரத்துக்கு ஒயில் மாத்தினா நல்லா உழைக்கும். வளைவில அந்த முன்பக்கம் கேட்ட உடன திரும்புற மாதிரி 121 ஒருநாளும் திரும்பாது. நீடிச்சு உழைக்கிற வாகனம்தான், உங்கட றோட்டுதான் அதுக்குப் பிழை.

எண்ணோடு சொல்லுறன். ஸ்போர்ட்டுக்கு வாற ரயர் 195/50 ஆர்16 (195 மில்லிமீற்றர் அகலம், 16 அங்குல றிம்). பக்கச்சுவர் 195இன் 50 வீதம், அதாவது 97.5 மில்லிமீற்றர். 121க்கு 175/70 ஆர்14, பக்கச்சுவர் 122.5. ஒரு அங்குல ரப்பர் வித்தியாசம். மாரியில தண்ணி நிறைஞ்ச பள்ளத்துக்கு ஆழம் தெரியாது. அந்த ஒரு அங்குலம் இல்லாட்டி அடி நேரா றிம்முக்குப் போகும். அலோய் வளையும், ரயர் பக்கத்தில குமிழ் வரும்.

மற்றது பெற்றோல். ஸ்போர்ட்டின்ர கொம்பிரசன் (சிலிண்டருக்குள்ள கலவையை அமுக்கிற விகிதம்) 11.1, ஜப்பானில உயர் ஒக்டேனுக்குச் செய்தது. 95 ஒக்டேன் அடிக்கோணும். எல்லா பெற்றோல் செட்டிலயும் 95 இருக்காது. 121 ஜப்பானில சாதாரண பெற்றோலுக்குச் செய்தது, 92 தாராளம். கிரவல் இல்லாத ஆள் கேட்டிருந்தா ஸ்போர்ட் எண்டுதான் சொல்லியிருப்பன்.

விசுவமடு15

எல்லாருக்கும் நன்றி. 121ஐ ஒருக்கா ஓடிப் பார்த்தன். எஞ்சின் அமைதி. ஆனா பள்ளத்தில முன்னுக்கு ‘டொக் டொக்’ எண்டு சத்தம், 60க்கு மேல ஸ்ரியரிங் மிதக்கிற மாதிரி. விக்கிறவர் “பழசு, அப்பிடித்தான்” எண்டுறார். இது விட்டுட்டுப் போகவேண்டிய அறிகுறியா? எஞ்சினை எப்படிச் சோதிக்கிறது?

சந்தி_கராஜ்

தம்பி, “அப்பிடித்தான்” இல்லை. சஸ்பென்சன் மூட்டில இருக்கிற ரப்பர் புஷ்ஷும், லிங்க் றொட் எண்ட இணைப்புத் தண்டும் தேய்ஞ்சு போடுற சத்தம் அது. அதைக் காட்டி விலையைக் குறையுங்கோ.

எஞ்சின் சோதனையை விடியவே செய்யுங்கோ. போன உடன பொனற்றில கை வையுங்கோ. சூடா இருந்தா முதலே ஸ்ராட் பண்ணி வைச்சிருக்கிறாங்கள், இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ. குளிர் எஞ்சினை ஸ்ராட் பண்ணேக்க ஒண்டு ரெண்டு செக்கனுக்கு மேல செயின் கரகரத்தா ஒயில் நேரத்துக்கு மாத்தேல்லை. றேடியேற்றர் மூடியை ஆறினபடியே திறவுங்கோ. உள்ளுக்க நிறமான கூலன்ற் இருக்கோணும். எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி கல்சியத் தண்ணி, அதை ஊத்தி ஓடின காரில மூடியின் உள்பக்கம் வெள்ளைப் படிவு, இல்லாட்டி துருக் கலர் இருக்கும். அப்பிடியெண்டா றேடியேற்றரும் தேர்மோஸ்டற்றும் செலவுக் கணக்கில சேருங்கோ.

கொம்பிரசன் (சிலிண்டருக்குள்ள வாற அமுக்கம்) பாக்கச் சொல்லுங்கோ: நாலு பிளக்கும் கழட்டி, இன்ஜெக்ரர் கரண்டை நிப்பாட்டி, அக்சிலரேற்றரை முழுக்க அமத்தி, அமுக்கமானியின் முள் இனி ஏறாமல் நிக்கும் வரைக்கும் எஞ்சினைச் சுத்தோணும். நாலு சிலிண்டருக்கும் இடையில 15 பிஎஸ்ஐக்கு (அமுக்க அலகு) மேல வித்தியாசம் வரக்கூடாது. கிளச்சுக்கு, நாலாம் கியரில 40இல போகேக்க அக்சிலரேற்றரை முழுக்க மிதியுங்கோ. சத்தம் ஏறி வேகம் ஏறாட்டி பிளேற் முடிஞ்சுது.

இனி அந்த மிதப்பு. முன்னுக்கு மாத்தவேண்டியது: லோவர் ஆம் (சில்லைப் பிடிச்சிருக்கிற கீழ்க்கை) புஷ் 4, போல் ஜொயின்ற் 2, லிங்க் றொட் 2, சொக் 2, சொக்குக்கு மேல இருக்கிற மவுண்ற் 2. பின்னுக்கு பீம் (ரெண்டு சில்லையும் இணைக்கிற சட்டம்) புஷ் 2, சொக் 2. எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்யுங்கோ. ஒண்டொண்டா மாத்தினா ஒவ்வொரு தடவையும் எலைன்மென்ற் (சில்லு நேர் பாக்கிற) காசு.

இதில கன கராஜில ஒரு பிழை நடக்குது. காரை ஜக்கில தூக்கி, சில்லு தொங்கிக்கொண்டு நிக்கேக்க புஷ் போல்ற்றை முழுக்க இறுக்கிவிடுறாங்கள். பிறகு காரைக் கீழ இறக்க ஆம் மேல ஏறும், புஷ்ஷின்ர ரப்பர் முறுகின நிலையிலயே நிக்கும். ஒவ்வொரு பள்ளத்திலயும் இன்னும் முறுகிக் கிழியும். போல்ற்றைக் கையால பூட்டிவிட்டு, காரை இறக்கி, பாரம் சில்லில விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில நிண்டு பாருங்கோ. எலைன்மென்ற் அதுக்குப் பிறகு.

நந்திக்கடல்

ரயரையும் அதோட முடியுங்கோ. 15 அங்குல றிம் கிடைச்சா 185/60 ஆர்15 போடலாம். மொத்த விட்டம் 603 மில்லிமீற்றர், பழசு 600.6, வேகமானி பெரிசாப் பிழைக்காது. பக்கச்சுவர் 111 மிஞ்சும், திருப்பமும் கூர்மையாகும். 16க்குப் போகவேண்டாம். ரயர் எப்ப செய்தது எண்டு அதில இருக்கிற நாலு இலக்கத்தில பாருங்கோ: 2324 எண்டா 2024இன் 23ஆம் கிழமை.

ஒயில் தடவின ‘ஸ்போர்ட்’ எயார் பில்ரர் போடாதேங்கோ, அந்த ஒயில் காற்று சென்சரில படிஞ்சு ஓட்டம் கெடும். சாதாரண கடதாசி பில்ரர் போதும். கிரவல் தூசுக்கு மாசம் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோ. காற்று அடிச்சுத் தூசு எடுக்கிறதெண்டா சுத்தமான பக்கத்தில இருந்து வெளியால, மெல்லிசா அடியுங்கோ.

முல்லைத்தீவுக்குக் கிட்ட கடலேரியைக் கடக்கிற வட்டுவாகல் பாலத்தில தண்ணி ஏறி நிண்ட நாளில போய்வந்தா அண்டைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவுங்கோ. உப்பு முதல்ல பிறேக் பைப்பைத்தான் தின்னும்.

விசுவமடு15

சனிக்கிழமை விடிய கொம்பிரசன் பாக்கிறம். சரியெண்டா புஷ், சொக், ரயர்ச் செலவை விலையில கழிச்சுத்தான் 121ஐக் கேக்கப்போறன். அளவுகளை இதிலயே எழுதுறன்.

விசுவமடு15 (சனிக்கிழமை)

நாலு சிலிண்டரும்: 190, 188, 192, 185. பொனற் குளிர். கூலன்ற் சிவப்பு, படிவு இல்லை. கிளச் பிடிக்குது.

சந்தி_கராஜ்

கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் 7தான் வித்தியாசம். எடுங்கோ.