ஒட்டிய சதையில் ரத்தம் ஓடுகிறதா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு வாய்ப்புற்று, அடுத்த வாரம் புதுச்சேரியில் ஆபரேஷன். தாடையை எடுத்துவிட்டு, காலில் இருந்து ஃபிபுலா எலும்பைத் தோலோடு வைத்து, அதன் ரத்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்களாம். முதல் 2, 3 நாள்தான் கண்டம். சிரை அடைத்தால் தோல் நீலம் பாரிக்கும், தமனி அடைத்தால் வெளுக்கும் என்றார் டாக்டர். அண்ணன் நல்ல கறுப்பு. கண்ணுக்குத் தெரியுமா என்பதே என் பயம். பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்து, ரத்தம் ஓடும் சத்தம் 'உஷ் உஷ்' என்று வருகிறதா எனக் கேட்டுப் பார்ப்பார்களாம். சரி, ஆபரேஷனின்போதே ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற சாயத்தை ரத்தத்தில் ஏற்றி அகச்சிவப்பு கேமராவில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதும் உண்டே, அதை இங்கே யாருக்காவது செய்தார்களா? தனிச் செலவு எவ்வளவு? அதில் அயோடின் கலந்திருக்கும்; அண்ணனுக்கோ அயோடின் ஒவ்வாமை, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டோம். அப்புறம், ராத்திரியில் எத்தனை மணிக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள்?