வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யச் சான்றிதழ் அவசியமா?

கேள்வி:
வணக்கம். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற 2025-இல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்துள்ளேன். கடன் பத்திரம் எதுவும் எழுதி வாங்கவில்லை. பணம் பெற்றதை ஒப்புக்கொண்டு பிரதிவாதி 2023-இல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் ஒரு குரல் பதிவும் மட்டுமே உள்ளன. ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சுப் படிகளைத் தாக்கல் செய்தபோது, சான்றிதழ் இல்லை என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபனை தெரிவித்தார். செய்திகள் பழையவை என்பதால், மின்னணுப் பதிவுகளுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கோரும் சான்றிதழ் போதுமா? திரை பழுதான அந்தக் கைபேசியை மாற்றவும் எண்ணியுள்ளேன்.

பதில் 1:
புதிய கைபேசி வாங்கினாலும் பழையதை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உங்கள் வழக்கின் மூல ஆவணமே அதுதான். செய்தி முதலில் பதிவான கைபேசியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி முன்னிலைப்படுத்தினால் சான்றிதழ் தேவையில்லை என்றும், அச்சுப் படி, பென் டிரைவ் போன்ற நகல்களுக்கு அது கட்டாயம் என்றும் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துள்ளது.

பதில் 2:
செய்தி அனுப்பப்பட்ட ஆண்டு இங்கே முக்கியமல்ல. புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்த 01.07.2024 அன்று நிலுவையில் இருந்த வழக்குகளுக்கே, 65பி பிரிவைக் கொண்ட 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தொடர்கிறது. உங்கள் வழக்குக்கு அந்தப் புதிய சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு பொருந்தும். அதன் அட்டவணையிலுள்ள படிவத்தில் ‘அ’ பகுதியை நீங்களும் ‘ஆ’ பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்பிக் கையொப்பமிட்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற அடையாளத்தை) குறிப்பிட வேண்டும். எஸ்எச்ஏ-256 முறையில் கிடைக்கும் எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் கொண்ட அந்த மதிப்பு, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். எனவே குரல் பதிவை எடிட் செய்யாமல், கைபேசியில் உள்ளபடியே நகலெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வழக்குரையுடன் சேர்க்காத சான்றிதழை இப்போது தாக்கல் செய்யலாமா?

பதில் 2:
விசாரணை முடிவதற்குள் நீதிமன்ற அனுமதியுடன் தாக்கல் செய்ய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பே இடமளிக்கிறது. ஆயினும் குறுக்கு விசாரணைக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

பதில் 3:
சான்றிதழ் இருந்தால் ஆவணம் ஏற்கப்படும், அவ்வளவுதான். அதிலுள்ளதை உண்மையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையதே. அந்த எண் தன்னுடையதல்ல என்று பிரதிவாதி மறுப்பாரானால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழு உரையாடலையும் தாக்கல் செய்யுங்கள். பணம் வங்கி வழியாகச் சென்றிருந்தால், 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின்படி சான்றளிக்கப்பட்ட கணக்கு அறிக்கையையும் வங்கிக் கிளையில் கேட்டுப் பெறுங்கள்.