அவசரமாகச் சொன்ன கருத்தும் பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்ததும்

முந்திரிக்கொட்டை:

இந்தப் பெயரை நானே வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு செய்தி வந்தது: குழந்தைகள் உணவில் 9 மாதிரிகள் சோதனையில் தோல்வி. தலைப்பை மட்டும்தான் படித்தேன். உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “பிஞ்சு வயிற்றில் விஷத்தைக் கொட்டுகிறவர்களை வெளியில் நடமாட விட்டிருக்கிறார்களே” என்று ஒரு பத்தி பொங்கினேன். சித்தப்பா மூன்று தடவை கைதட்டல் படம் போட்டார். அன்றைக்கு நல்ல தூக்கம்.

பதினைந்து நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அந்தச் சோதனையின் முழு அறிக்கை கண்ணில் பட்டது. 9-ல் 8 லேபிள் குறைகள். ஒன்றில் எழுத்து பொடிசு, இரண்டில் தயாரிப்பாளர் முகவரி முழுதாக இல்லை, மற்றவற்றில் சத்துப் பட்டியல் சரியில்லை. ஒன்றே ஒன்றில்தான் பூஞ்சை நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. கவலைப்பட வேண்டிய அந்த ஒன்றைப் பற்றி நான் பொங்கிய பத்தியில் ஒரு வார்த்தை கிடையாது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். உணவோ அரசாங்கச் செலவோ, எதுவானாலும் சரி. முதலில் என்ன சொன்னீர்கள், அப்புறம் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.

சோதனைக்குழாய்:

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். மதியம் மாதிரி வந்து சேரும். மாலை ஆவதற்குள் போன் வந்துவிடும்: “ரிசல்ட்டை ஏன் அமுக்கி வைத்திருக்கிறீர்கள்?”

பால் பவுடரில் சால்மோனெல்லா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். 25 கிராம் எடைபோட்டு, 225 மில்லி ஊட்டக் கரைசலில் கலந்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். காய்ந்த பவுடரில் அந்தக் கிருமி குற்றுயிராகக் கிடக்கும். முதலில் அதற்குச் சோறு போட்டு எழுப்பினால்தான் கண்ணில் மாட்டும். மறுநாள், மற்ற கிருமிகளை அடக்கும் வேறு கரைசலுக்கு மாற்றுவோம். அதற்கு மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்ப்போம். சிவந்த புள்ளிக்கு நடுவில் மை வைத்த மாதிரி கறுப்பு தெரிந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அப்போதும் முடிவு சொல்ல முடியாது. கறுப்பு காட்டும் வேறு கிருமிகளும் உண்டு. எல்லாம் உறுதியாக ஐந்து நாள் ஆகிவிடும். யாரும் எதையும் அமுக்கவில்லை ஐயா, கிருமி வளரக் காத்திருந்தோம்.

ஆனால் நானும் உத்தமன் இல்லை. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருளைக் கலந்து சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்துபோனார்கள். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். “சோதனை செய்தவன் எல்லாம் காசு வாங்கியிருப்பான்” என்று அடித்துச் சொன்னேன். வேலைக்கு வந்து என் கையாலேயே கெல்டால் முறையில் புரதம் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த முறை புரதத்தை நேராக அளப்பதே இல்லை. நைட்ரஜனை அளந்து, பாலாக இருந்தால் 6.38-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுவோம். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் ஒரு சிட்டிகை போட்டால் என் கணக்கிலும் அது புரதம் நிறைந்த பாலாகத்தான் வந்திருக்கும். ஒரு பைசா வாங்காமல் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தெரிந்தும் மறைத்தவர்கள் இருந்தார்கள், தண்டனையும் பெற்றார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் பில் பார்க்கும் பிரிவு. ஒருநாள் “ஒரு கழிப்பறைக்கு இவ்வளவு பணமா?” என்று செய்தி. என் மச்சானே போன் செய்து, “எவ்வளவு அடிச்சீங்க?” என்றான். கோப்பு என் மேசையில்தான் இருந்தது. அந்தத் தொகையில் கட்டடம் பாதிகூட இல்லை. பள்ளமான இடத்தை நிரப்பியது, கழிவுநீர்க் குழாயைப் பிரதான சாலைவரை கொண்டுபோனது, பல வருடப் பராமரிப்பு என்று எல்லாம் ஒரே தலைப்பில் போயிருந்தன. சொன்னேன். மச்சான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

எங்கள் அலுவலகத்தில் உண்மையாகவே வீணானது நாற்காலி. நிதியாண்டு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு ஒதுக்கீட்டில் பணம் மிச்சம். திருப்பி ஒப்படைத்தால் “இவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை” என்று அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். அதனால் நாற்காலி வாங்கினோம். மூன்று கொட்டேஷன், ஒப்புதல், ரசீது எல்லாம் பக்காவாக இருந்தன. தணிக்கையில் ஒரு கேள்வி வரவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பதிவறைக்குப் போனேன். காலில் சுற்றிய பாலிதீனைக்கூடப் பிரிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை நின்றன. அந்தப் பில்லில் என் இனிஷியலும் உண்டு. இது எந்தப் பேப்பரிலும் வரவில்லை, வரவும் வராது.

சிட்னி ஓபரா ஹவுஸை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10.2 கோடியில் முடிந்து 1973-ல் திறந்தார்கள். ஊதாரித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு படித்தால், வடிவமைப்பு முடிவதற்கு முன்பே, 1959-ல், அரசாங்கம் அவசரப்படுத்திக் கட்டுமானத்தைத் தொடங்க வைத்திருக்கிறது. அந்தக் கூரையை எப்படி நிறுத்துவது என்பதே அப்போது முடிவாகவில்லை. வரைபடம் இல்லாமல் போட்ட மதிப்பீடு அது. மதிப்பீடு என்ற பெயரில் ஆசையை எழுதி வைக்கும் கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி:

செய்தி மேசையில் இருந்தவள் என்ற முறையில் என் பங்கு. 2011 மே கடைசியில் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவியது. ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் காட்டினார்கள். ராத்திரி பதினொன்றரைக்குத் தலைப்பு வைத்தது நான்: “உயிர் குடிக்கும் வெள்ளரி”. சில நாளிலேயே, நோயாளிகளிடம் இருந்த கிருமி வகையும் வெள்ளரியில் இருந்த வகையும் ஒன்றல்ல என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் விளைந்ததைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 10 அன்று, காரணம் முளைகட்டிய பயிர் என்று அறிவித்தார்கள். வெந்தய விதை வரை தடம் போனது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளரிக்கு நான் கொடுத்தது முதல் பக்கம், நாலு காலம் அகலம். வெந்தயத்துக்கு ஒன்பதாம் பக்கம், ஒரே காலம்.

உரைகல்:

எல்லோரும் சேர்ந்து “கருத்து சொல்வதற்கு முன் காத்திரு” என்று பாடம் எடுக்கிற மாதிரி இருக்கிறதே. எனக்கு உடன்பாடில்லை. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரால் 4 குழந்தைகள் இறந்தார்கள், 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். பெற்றோர்கள் அமைதியாக அறிக்கைக்குக் காத்திருந்தார்களா? அமைப்பாகத் திரண்டார்கள், கத்தினார்கள். அதற்கு முன், “இறைச்சியில் கிருமி இருக்கத்தான் செய்யும், வீட்டில் வேகவைப்பது உங்கள் பாடு” என்ற போக்குதான் இருந்தது. 1994-ல் அந்த நோய்க்குக் காரணமான ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கிருமி வகை உள்ள அரைத்த மாட்டிறைச்சியை, விற்கக் கூடாத கலப்படம் என்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. கோபப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கிருமியின் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரிந்திருக்காது. அதனால் என்ன?

சோதனைக்குழாய்:

உரைகல் சொல்வது சரிதான். கத்தினால்தான் எங்களுக்குப் புதுக் கருவியே வாங்கித் தந்தார்கள். ஐந்து நாளில் வர வேண்டியதை ஒரே நாளில் கேட்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அப்புறம், கணக்குப்பிள்ளை, அந்த நாற்காலிகளை எங்கள் பக்கம் தள்ளிவிட முடியுமா? நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு போயிற்று.

முந்திரிக்கொட்டை:

நான் பாதியில் நிறுத்திவிட்டேன், மீதியைச் சொல்கிறேன். முழு அறிக்கையைப் படித்த அன்றே அதே குழுவில் திருத்தம் போட்டேன்: 9-ல் 8 லேபிள் குறைதான், மன்னிக்கவும். கைதட்டிய சித்தப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. இரவு பத்து மணிக்குத் தங்கச்சி மட்டும் கேட்டாள்: “அண்ணா, அந்த ஒண்ணு எது?” அவள் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.

மறுபடி அறிக்கையைத் திறந்து, பெயரும் தொகுதி எண்ணும் எடுத்து அனுப்பினேன். அவள் வாங்குகிற அதே பெயர். தொகுதி எண்ணைப் பார்க்கச் சொன்னேன். பவுடரை டப்பாவில் கொட்டிவிட்டு, வந்த பெட்டியை எப்போதோ குப்பையில் போட்டிருந்தாள். குழந்தை பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தது. மீதியைக் கொட்டிவிட்டு மருத்துவரிடம் காட்டினார்கள், எதுவும் ஆகவில்லை. இப்போதெல்லாம் அவள் பெட்டியிலிருந்து எண் அச்சடித்த பட்டையைக் கத்தரித்து டப்பா மூடியில் ஒட்டி வைக்கிறாள்.

அந்தப் பதினைந்து நாளும் அறிக்கை யார் வேண்டுமானாலும் திறக்கிற இடத்தில்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது பக்கத்தில், மூன்றாவது வரிசை.