பெட்ரோல் ஆவிக் கலனுக்குச் சொல்: ‘ஆவியுறிஞ்சி’ வேண்டாம், ‘ஆவிபிடிகலன்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

காரின் பெட்ரோல் டேங்க்கில் எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்குத் தரும் கரி நிரப்பிய கலனுக்கு உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘ஆவியுறிஞ்சி’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ஒலி நன்று, பொருள் பிசகு. பஞ்சு நீரைக் குடிப்பதுபோல் கரி ஆவியைக் குடிப்பதில்லை. ஆவி அதன் நுண்துளைச் சுவர்களில் ஒட்டி நிற்கிறது. புதுக் காற்று ஊடே ஓடினால் விட்டுப் பிரிகிறது. பாடநூல்கள் இதை உறிஞ்சுதலிலிருந்து பிரித்துப் ‘பரப்புக் கவர்தல்’ என்கின்றன. ஒரு கிராம் கரிக்குள் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு உண்டு. அதனால்தான் சிறிய டப்பாவே போதுகிறது. பிடித்து வைத்து, பிறகு விடுகிற பொருள் என்பதால் ‘ஆவிபிடிகலன்’ என்பேன். சளிக்கு ஆவி பிடிக்கும் குன்னூர்க் குளிரில் இந்தச் சொல் வாயில் எளிதாக அமரும்.

எனக்குப் பெரிய கவலை அடுத்த இரண்டு உறுப்புகளைப் பற்றியது. கலனிலிருந்து எஞ்சினுக்கு ஆவியைத் திறந்துவிடும் வால்வு ஒன்று. கலன் வெளிக்காற்றோடு தொடர்பு கொள்ளும் வாய் மற்றொன்று. பட்டியலில் இரண்டுக்கும் ‘வெளியேற்று’ என்றே இருக்கிறது. இது வெறும் சொல் சிக்கல் அன்று.

சென்ற மார்கழியில் மேட்டுப்பாளையத்தில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு மலையேறினேன். பர்லியார் தாண்டியதும் பெட்ரோல் வாடை. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், உதகை 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். வெளியழுத்தம் குறையக் குறைய டேங்க் ஆவி கலனை நோக்கித் தள்ளப்படுகிறது. விளிம்புவரை நிரப்பினால் திரவமே கரிக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். பம்ப் தானாக நின்ற பிறகு ஊற்றக் கூடாது என்பது இதற்காகவும்தான்.

குன்னூர்ப் பட்டறையில் முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். வாடை போகவில்லை. நான் எழுதி வைத்திருந்த தமிழ்க் குறிப்பைப் படித்துக் காட்டினேன். அதில் இரண்டும் ‘வெளியேற்று’ என்றே இருந்ததால், வாடை வந்த வாயையே கழற்றிப் பார்த்தார்கள். பழுது எதிர்முனையில், எஞ்சினுக்கு ஆவி விடும் வால்வில் இருந்தது. எஞ்சின் சூடான பின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, வால்வின் கலன் பக்கக் குழாயைக் கழற்றி விரலை வைத்தால் இழுவிசை தெரிய வேண்டும். எவ்வளவு நேரம் வைத்திருந்தும் தெரியவில்லை. வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டது; கலன் காலியாகாமல் நிரம்பி, மறுவாய் வழியே ஆவி கசிந்தது. வாடை வரும் இடமும் பழுதான இடமும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டவேண்டும்.

ஆகவே வெளிக்காற்று வாய்க்கு ‘மூச்சுவாய்’, எஞ்சினுக்கு ஆவி தரும் வால்வுக்கு ‘ஆவியூட்டு வால்வு’. முன்னதில் எனக்கு ஐயமில்லை. பின்னதில் ஒரு தயக்கம் உண்டு: டேங்க்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பும் ஊட்டுவதுதான். ‘ஆவியிழு வால்வு’ என்றால், இழுப்பது எஞ்சின், வால்வு வழிவிடுகிறது, அவ்வளவே. ‘ஆவிவிடு வால்வு’ எப்படி இருக்கும்? அடுத்த வாரம் அதே பட்டறையில் மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.